வரி இல்லாத டப்பா

ஜனவரி 6

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். ஓர் எழுத்து குண்டாக இருக்கும், அடுத்தது நோஞ்சானாக இருக்கும். கோட்டுக்கு மேலே கிளம்புகிற வார்த்தை கோட்டுக்குக் கீழே போய்த்தான் நிற்கிறது. ஆயுள் முழுக்க மாவு மில்லில் மூட்டை தூக்கினேன். எந்த மூட்டையும் இப்படிக் கனத்ததில்லை, இந்தப் பேனா கனக்கிறது. இவ்வளவு எழுதவே ஒரு காலைப்பொழுது போய்விட்டது. ஆனாலும் நானே எழுதுகிறேன். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை.

நாங்கள் இருவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமா?

முதியோருக்கான மாலை வகுப்பில் என்னோடு படிக்கும் பழைய லாரி டிரைவரை எல்லோரும் ஹாரன் என்றுதான் கூப்பிடுகிறோம். மில் சத்தத்தில் போன என் காதுக்கு அவர் குரல் ஒன்றுதான் எட்டுகிறது. உன் அம்மா பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். திட்டினால் உதடுகூடத் தேவையில்லை. வகுப்பு முடிந்ததும் நானும் ஹாரனும் தெருப் பலகைகளைப் படித்துக்கொண்டே வீடு திரும்புகிறோம். 'இங்கே வண்டி நிறுத்தக்கூடாது' என்ற பலகைக்கு அடியில்தான் அவர் வருஷக்கணக்கில் லாரியை நிறுத்தியிருக்கிறார். "அப்பவே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல!" என்று பலகையைத் திட்டினார்.

அம்மா தையல் கம்பெனிக்குப் போய் வருகிறாள். இப்போதும் சட்டைக் காலர்தான். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறாள். மூன்று மணிக்கு கம்பெனியில் கொடுக்கிற ஆரஞ்சு கூல்டிரிங்ஸையும் குடிக்கிறாள். அது உள்ளே போனால்தான் எழுந்திருக்காமல் தைக்க முடிகிறதாம். டாக்டர் திட்டிப் பார்த்தார். நான் கெஞ்சிப் பார்த்தேன். "உங்களுக்குத்தான் காது கேக்காது. எனக்கு நல்லாவே கேக்குது. கேட்டுட்டுத்தான் குடிக்கிறேன்" என்கிறாள். இவளை என்ன செய்வது, சொல்.

உனக்கு ஆபீசில் என்ன வேலை என்று வகுப்பில் கேட்கிறார்கள். எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன் பதிலைத் தானே படிக்கப்போகிற,
அப்பா


ஜனவரி 23

என் அப்பாவுக்கு,

இங்கே இருவரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? உறையின் மேல் இருந்த எழுத்து யாருடையது என்று முதலில் தெரியவில்லை. தெரிந்ததும் ஆபீஸ் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே இறங்க வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நிதித் துறையில், எதற்கு எவ்வளவு வரி என்று எழுதித் தயாரிக்கும் பிரிவில் இருக்கிறேன். நாங்கள் எழுதுகிறோம், மேலே இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். ஏப்ரல் மாதத்திலிருந்து இனிப்பான பாட்டில் பானங்களுக்குக் கூடுதல் வரி வருகிறது. விலை ஏறினால் ஜனங்கள் குறைத்துக்கொள்வார்கள் என்பதுதான் கணக்கு. ஒருவர் வாய்க்குள் போவதில் அரசாங்கம் தலையிடலாமா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். கல்லூரியில் நானே அப்படிப் பேசியவள்தான். ஆனால் இந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தபோது அம்மா முகம்தான் நினைவுக்கு வந்தது. டாக்டர் திட்டியும் நீங்கள் கெஞ்சியும் நடக்காததை விலையாவது நடத்திக் காட்டட்டுமே.

வகுப்பில் கேட்டால் சுருக்கமாக இப்படிச் சொல்லுங்கள்: உடம்புக்குக் கெடுதல் செய்வதற்கு வரி உண்டு, செய்யாததற்கு வரி இல்லை.

போனில் எதைக் கேட்டாலும் அம்மா "நல்லாத்தான் இருக்கேன்" என்கிறாள். நீங்கள்தான் உள்ளதை எழுத வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள்.

பாசத்துடன்,
உங்கள் மகள்


ஏப்ரல் 20

அன்பு மகளே,

உன் சுகமும் மாப்பிள்ளை சுகமும் அறிய ஆசை. இங்கே இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம்.

உன் வரி வந்துவிட்டது! எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது! தையல் கம்பெனியில் இலவசமாகக் கொடுத்த பாட்டிலை சூப்பர்வைசர் நிறுத்திவிட்டார். காலர் தைக்கிறவர்களும் பட்டன் வைக்கிறவர்களும் உன் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்களாம். "மந்திரியோட அம்மா வர்றாங்க, வழி விடுங்கடி" என்று ஒருத்தி. "உங்க பொண்ணுக்கு நம்ம தொண்டை மேல என்ன கோவம்?" என்று இன்னொருத்தி. வீட்டுக்கு வந்து என்னிடம் கொட்டினாள். "ஊரான் வீட்டுப் பொண்ணு போட்டிருந்தா நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிடலாம். பெத்தவ வாயிலயே வரி போட்டவள நான் என்னன்னு திட்டுறது?"

சில நாள் கைக்காசில் வாங்கிக் குடித்தாள். பிறகு விலையைப் பார்த்து நிறுத்திவிட்டாள். மகளே, நிறுத்தியே விட்டாள்! என்னால் ஆகாதது உன்னால் ஆனது.

நீ எழுதிய வாக்கியத்தை வகுப்பில் எழுந்து நின்று படித்தேன். டீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதினார். எல்லோரும் பார்த்து எழுதினோம். கெடுதலுக்கு வரி உண்டு, கெடுதல் இல்லாததற்கு வரி இல்லை. ஹாரன் அதைச் சத்தம் போட்டுப் படித்ததில் மாடியில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன.

உன்னை நினைத்துப் பூரிக்கும்,
அப்பா


மே 9

அன்புள்ள அப்பா,

நலம்தானே? எனக்குக் கொஞ்சம் ஜலதோஷம், வேறொன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தை எங்கள் இயக்குநரிடம் படித்துக் காட்டினேன். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், பிறகு கை தட்டினார்கள். அம்மா நிறுத்திவிட்டாள் என்ற இடத்தை மட்டும் இரண்டு முறை படித்தேன். நாங்கள் எழுதிய வரிப் பட்டியலிலிருந்து சில பொருள்களை மேலே இருப்பவர்கள் நீக்கிவிட்டார்கள். அது பெரிய கதை. பாட்டிலாவது நின்றதே என்று இருக்கிறேன்.

அம்மாவை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போய்விட்டு, அளவு எவ்வளவு என்று எழுதுங்கள். சட்டசபை கூடப்போகிறது. என் பதில் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்பு மறவாத,
மகள்


ஜூன் 14

என் கண்ணுக்கு,

உன் ஜலதோஷம் விட்டதா? வெந்நீர் குடி.

அம்மா சோர்ந்துபோயிருந்தாள். மூன்று மணி ஆனால் கை நடுங்குகிறது. காலர் கோணுகிறது, சூப்பர்வைசர் திருப்பி எறிகிறார். வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறாள். என்னைத் திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது.

அதனால் ஒரு காரியம் செய்தேன். தெருமுனையில் இருக்கிற பெரிய கடைக்குப் போய் அலமாரி அலமாரியாகப் படித்தேன். முன்பு படத்தைப் பார்த்துத்தான் வாங்குவேன். ஷாம்பு என்று நினைத்துத் தரை துடைக்கும் மருந்தை வாங்கிவந்து தலைக்குத் தேய்த்தேனே, நினைவிருக்கிறதா? தலை பளபளவென்றுதான் இருந்தது. இப்போது என்னை யாரும் ஏமாற்ற முடியாது. வரி ஏறிய சாமான்களுக்கு முன்னால் கடைக்காரர் சிவப்பு அட்டை வைத்திருக்கிறார். பாட்டில்கள் அத்தனைக்கும் சிவப்பு அட்டை. கடைசி அலமாரியில் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் பொடி டப்பாக்கள். அங்கே அட்டையே இல்லை. டப்பாவில் பெரிய எழுத்தில் 'சத்துப் பானம். தளர்ந்த உடம்புக்குத் தெம்பு' என்று போட்டிருந்தது. நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

"இதுக்கு வரி உண்டா?" என்று கேட்டேன். கடைக்காரர் கையை ஆட்டி இல்லை என்றார்.

கெடுதல் இருந்தால் என் மகள் விட்டுவைத்திருப்பாளா? வாங்கி வந்துவிட்டேன்.

காலையும் மாலையும் நானே கலக்கிக் கொடுக்கிறேன். இரண்டு கரண்டி என்று போட்டிருக்கிறது. நான் மூன்று போடுகிறேன், ஒன்று என் கணக்கில். முதல் நாள் குடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "நல்லாயிருக்குங்க" என்றாள். மறுநாளே, துண்டை ஏன் தரையில் போட்டேன் என்று திட்டினாள். எனக்கு உயிர் வந்தது.

வகுப்பில் சொன்னேன். இப்போது சாமான் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஹாரனும் வாங்குகிறார். மாடி வீட்டு அம்மாவும் வாங்குகிறார். நான் படித்துச் சொல்கிறேன், அவர்கள் கூடையில் போடுகிறார்கள். இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு மரியாதை!

ரத்தம் கொடுக்க இன்னும் போகவில்லை. லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும் என்கிறாள்.

தெம்பாக இருக்கும்,
அப்பா


ஜூலை 12

அன்பு மகளுக்கு,

எப்படி இருக்கிறாய்? போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. சபை கூடியிருக்கும், தெரியும். இதைப் படிக்க நேரம் இருக்கும்போது படி.

அம்மாவின் வலது காலில் ஒரு புண். தையல் மிஷின் மிதியின் ஓரம் உடைந்து, தகடு நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு மிதிப்பதுதான் அவள் பழக்கம். எவ்வளவு நாளாகக் கீறியதோ, அவளுக்கு வலியே தெரியவில்லை. வாசலில் விட்ட செருப்பில் ரத்தத்தைப் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன். மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போடுகிறோம். ஆறுகிற மாதிரித் தெரிகிறது, மறுபடி திறந்துகொள்கிறது.

கம்பெனியிலும் இப்போது அந்தப் பொடியைத்தான் பெரிய டிரம்மில் கலக்கி வைக்கிறார்களாம், பாட்டிலைவிட மலிவு என்று. நல்லதாகப் போயிற்று. புண் ஆற உடம்பில் தெம்பு வேண்டுமே. நானும் மத்தியானம் ஒரு வேளை சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

அப்பா


ஜூலை 29

அப்பா,

நான் நலம். உங்கள் இரண்டு கடிதங்களையும் இன்றைக்குத்தான் சேர்த்துப் படித்தேன். ஜூன் கடிதம் மேசையில் கோப்புகளுக்கு அடியில் பிரிக்காமலே கிடந்திருக்கிறது.

அந்தப் பொடியை இன்றே நிறுத்துங்கள். அம்மாவுக்குப் போன் செய்தேன். "நிறுத்தியாச்சு, நிறுத்தியாச்சு" என்றாள். அந்தக் குரலை நான் நம்பவில்லை. அவளை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். கூலி போனால் போகட்டும்.

டப்பாவின் பின்பக்கம் சிறிய எழுத்தில் அதில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று இருக்கும். அதைப் படித்து எனக்கு எழுதுங்கள்.

பதற்றத்துடன்,
மகள்


ஆகஸ்ட் 15

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. சர்க்கரை அளவைப் பார்த்த டாக்டர் இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் காலைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. இன்னும் மேலே பரவாமல் இருக்கிறதா என்று தினமும் பார்க்கிறார்கள். பரவினால் கணுக்காலோடு எடுக்க வேண்டி வருமாம்.

டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பின்பக்கத்து எழுத்து ரொம்பச் சின்னது.

நானும் ஹாரனும் வீடு வீடாகப் போனோம். யார் யாருக்கு நான் படித்துச் சொன்னேனோ அவர்களிடமெல்லாம் குடிக்க வேண்டாம் என்று சொன்னேன். மாடி வீட்டு அம்மா என் எதிரிலேயே குப்பையில் கொட்டினார். ஒருவர் கதவைத் திறக்கவில்லை. இன்னொருவர், "அன்னிக்கு நல்லதுன்னீங்க, இன்னிக்குக் கெட்டதுங்கிறீங்க. நாளைக்கு என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டதாக ஹாரன் என் காதில் கத்தினார். திரும்பி வரும்போது ஹாரனே சொன்னார்: "நீ படிக்காதப்ப நல்லாத்தான்யா இருந்தே." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் இன்னும் நிறுத்தவில்லை. பழகிப்போச்சு என்கிறார்.

கம்பெனிக்கும் போனேன். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. ஜன்னல் வழியாக டிரம்மைப் பார்த்துவிட்டு வந்தேன்.

உன்னிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். அதற்கு ஏன் வரி இல்லை?

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா


ஆகஸ்ட் 24

அன்புள்ள அப்பா,

நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்து முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

லீவு கிடைத்துவிட்டது. இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே நானும் வந்துவிடுவேன். இங்கே கால் புண்ணுக்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறார். அம்மாவின் விவரங்களைச் சொன்னேன். அங்கே செய்வது சரிதான் என்றார். அறைக்கு ஒரு நல்ல தலையணை வாங்கி வருகிறேன். அம்மாவுக்குப் பருத்தித் துணியில் இரண்டு இரவு உடை எடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை நலம் விசாரித்தார். உங்களுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், வரும்போது அளவு பார்த்துவிடலாம். வேறென்ன வேண்டும் என்று யோசித்து வையுங்கள்.

மற்றதை நேரில் பேசுவோம் அப்பா.

உங்கள் மகள்


அக்டோபர் 12

என் மகளுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? ரயிலில் தூங்கினாயா? நீ வந்து இருந்த நாட்களில் மெலிந்துவிட்டாய். சாப்பிடு.

கணுக்காலோடு எடுத்த பிறகு அம்மா அழுவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ இருந்தவரை அழவில்லை, நீ போன பிறகும் அழவில்லை. "ஒரு செருப்பு மிச்சம்" என்று நர்ஸிடம் சொல்லிச் சிரிக்க வைத்தாள். வார்டில் எல்லோரும் தங்கள் சீட்டுகளை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொல்கிறார்கள். மருந்தின் பெயரை மட்டும் படிக்கிறேன். நல்லதா கெட்டதா என்று கேட்டால் டாக்டரைக் கைகாட்டிவிடுகிறேன்.

நீ இருந்தபோது நாம் மூன்று பேரும் எல்லாம் பேசினோம். தலையணை, கண்ணாடி, வாடகை, மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கண்ணில் புரை. வரியைப் பற்றி நான் கேட்டதை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஒருநாள் என் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, "மேல இருக்கறவங்க கேக்கல அப்பா, பொடியையும் நான் எழுதினேன், கேக்கல" என்று தட்டைப் பார்த்துச் சொன்னாய். எனக்குக் காது கேட்காது என்று நினைத்திருப்பாய். உன் உதடும் எனக்குத் தெரியும்.

நேற்று மத்தியானம் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். என் கையைத் தட்டி முகத்தைப் பார்க்கச் சொன்னாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்ங்க."

"என்ன தெரியும்?"

"அது சர்க்கரைதான்னு. என் நாக்கு செத்தா போச்சு? நீங்க டப்பாவ வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, எழுத்தெழுத்தாப் படிச்சு, கலக்கி எடுத்துட்டு வந்து நிப்பீங்க. பள்ளிக்கூடத்துல பரிசு வாங்குன பையன் மாதிரி மூஞ்சி. எப்படி வேணாம்னு சொல்றது?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுபடி தட்டினாள்.

"பாதி அதுக்காக. மீதி எனக்கே ஆசை. மொத்தத்தையும் நீங்களே தூக்காதீங்க, வயசாயிடுச்சு."

நழுவிய போர்வையை அவள் இடுப்புவரை இழுத்துவிட்டேன். பிறகு கேட்டேன். "அதுக்கும் வரி போட்டிருந்தா நிறுத்தியிருப்பியா?"

யோசித்தாள். பொய் சொல்வதற்கு அவள் யோசிக்க மாட்டாள், உனக்குத் தெரியும்.

"மாட்டேன். வேற எதையாவது தேடிக் குடிச்சிருப்பேன்" என்றாள். "ஆனா அத நீங்க கொண்டுவந்து தந்திருக்க மாட்டீங்க."

உனக்கு இதை எழுத வேண்டாம் என்று சொன்னாள். எழுதாமல் என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை மகளே. குற்றம் யாருடையது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

இன்று காலை நர்ஸ் துடைக்கும்போது, அம்மாவின் இடது பாதத்தில் கட்டைவிரல் ஓரம் சிவந்திருப்பதைப் பார்த்தேன். அழுத்தினால் வலிக்கிறதா என்று கேட்டேன். "எங்க அழுத்துறீங்க?" என்று கேட்டாள். டாக்டர் பார்த்துவிட்டு, இப்போது ஒன்றும் சொல்ல முடியாது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். அடுத்த வாரம் டாக்டர் என்ன சொல்கிறாரோ, அதை எழுதுகிறேன்.

அப்பா